ஓய்வுபெற்ற கடலடிக் குழாய்: கிடக்கட்டுமா, எடுத்துரலாமா?

கானாடுகாத்தான்_குழாய் | ஞாயிறு காலை 10:12

எல்லாருக்கும் வணக்கம். மஞ்சுவிரட்டு தேதி, மண்டப வாடகை, ஆத்தங்குடிக் கல்லுக்கு யார்கிட்ட போறதுன்னு பேசுற இடத்துல இதக் கேக்குறேன். இங்க சிக்ரில, அதான் நம்ம காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துல, வேல பாத்தவங்க இருக்கீங்க, கடலுக்குப் போறவங்களும் இருக்கீங்க, அந்த தைரியம்தான்.

நான் வளைகுடாவுல கடலடிக் குழாய்களோட ஆயுளக் கணக்குப் பாக்குற வேலைல இருக்கேன். இப்ப லீவுல வீட்டுக்கு வந்திருக்கேன். திரும்பிப் போனதும் ஒரு அறிக்கை குடுக்கணும். குழாய் போட்டது 1981-ல. 24 அங்குலம், சுவர் கனம் 12.7 மில்லிமீட்டர், நீளம் 38 கிலோமீட்டர். மேல நிலக்கரித் தார்ப்பூச்சு, அதுக்கு மேல 5 சென்டிமீட்டர் கான்கிரீட். கடல்ல நிக்கிற எண்ணெய் மேடைல இருந்து கரைக்கு கச்சா எண்ணெய் கொண்டாந்துச்சு. 25 வருஷத்துக்குன்னு போட்டாங்க, 40 தாண்டி ஓடுச்சு. இப்ப நிறுத்தியாச்சு.

உள்ள கழுவி, கடல் தண்ணிய நிரப்பி, ரெண்டு முனையையும் வெட்டி மூடிட்டு அப்படியே விட்டுர்றதா, இல்ல மொத்தமா எடுக்குறதா? நடுவுல இன்னொரு வழி இருக்கு. வெளிய துருத்திக்கிட்டு நிக்கிற இடத்த மட்டும் எடுத்துட்டு, மிச்சத்தப் புதைக்கிறது, இல்ல மேல கல்லக் கொட்டுறது.

பிரிட்டன்ல இதுக்கு ஒப்பீட்டு மதிப்பீடுன்னு ஒண்ணு பண்றாங்க. பாதுகாப்பு, சுற்றுச்சூழல், தொழில்நுட்பம், சமூகம், செலவுன்னு அஞ்சு தலைப்பு. நானும் அதையே எடுத்துக்கிட்டு, நடக்க வாய்ப்பு 1 முதல் 5, விளைவு 1 முதல் 5, ரெண்டையும் பெருக்கி அட்டவணை போட்டேன். விட்டுர்றதுதான் ஜெயிக்குது, அதுவும் ரொம்ப லேசா ஜெயிக்குது. அதான் உறுத்துது. எங்க கோட்ட விட்டிருக்கேன்னு பாத்துச் சொல்லுங்க.

மூணாம்வருஷம்_மெக்கானிக்கல் | ஞாயிறு 10:40

அண்ணா, எடுத்துரலாமே? அவ்வளவு இரும்பு, வித்தாலே செலவு வந்துராதா?

கானாடுகாத்தான்_குழாய் | ஞாயிறு 11:05

தம்பி, கணக்கு நீயே போட்டுப் பாரு. மீட்டருக்கு 187 கிலோ இரும்பு. 38 கிலோமீட்டருக்கு 7,100 டன். கேக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா கூடவே கிட்டத்தட்ட 12,000 டன் கான்கிரீட் ஒட்டிக்கிட்டு வருது. அதுக்கு ஒருத்தனும் காசு தரமாட்டான்.

சின்னக் குழாய்னா போட்ட மாதிரியே திருப்பி ராட்டினத்துல சுத்தி எடுத்துரலாம். இது சுத்த வராது. 40 வருஷப் பழைய குழாய வளைச்சு இழுத்தா எங்க முறியும்னு யாருக்கும் தெரியாது. அதனால 12 மீட்டர் 12 மீட்டரா கடலடிலயே வெட்டித் தூக்கணும். 3,100 வெட்டு, ஒவ்வொரு துண்டும் 6 டன். தூக்கும்போது கான்கிரீட் பெயர்ந்து விழும், கீழ முக்குளிப்பவர் நிப்பார். கப்பல் வாடகை நாள் கணக்குல ஓடும்.

முனீஸ்வரன்கோவில்தெரு | ஞாயிறு 11:50

எனக்கு கடல் தெரியாது. 22 வருஷமா பழைய வீடு பிரிக்கிற வேல, பர்மாத் தேக்குத் தூண், நிலை, கதவு, பெல்ஜியம் கண்ணாடின்னு வாங்கி விக்கிறேன். உங்க அட்டவணைல ஒண்ணு கேக்கணும்.

பிரிக்கிற வேலைல ஆளுக்கு அடிபடுறது பெரிய உத்தரத்தத் தூக்குறப்ப இல்ல, அப்ப எல்லாரும் கவனமாத்தான் இருப்போம். ஒரு வளவுல ரெண்டாம் கட்டுல ஒரு சின்னக் கட்டையத்தான் உருவுனோம். வெறும் தடுப்புன்னு நெனச்சோம். அது முப்பது வருஷமா மேல இருந்த சுண்ணாம்புச் சுவரத் தாங்கிக்கிட்டு நின்னிருக்கு. சுவர் சாஞ்சு எங்க ஆள் ஒருத்தருக்குக் கால் போச்சு. வீட்டுக்காரங்க பதினாறு பங்காளி. யாராவது ஒருத்தர் "அந்தச் சுவர் ஒரு தடவ விரிஞ்சு முட்டுக் குடுத்தோம்"னு சொல்லியிருந்தா கால் மிஞ்சியிருக்கும். ஒருத்தர் கோலாலம்பூர், ஒருத்தர் சென்னை, சொல்றதுக்கு ஆள் இல்ல.

உங்க குழாய்ல எது எதத் தாங்குதுன்னு எழுதி வச்சிருக்காங்களா?

கானாடுகாத்தான்_குழாய் | ஞாயிறு 12:30

அண்ணே, சரியான இடத்துல கை வச்சீங்க. கடலடில "தாங்குறது" பெரும்பாலும் அழுத்தம்தான். உள்ள ஒரு அழுத்தம், வெளிய ஒரு அழுத்தம், நடுவுல ஒரு அடைப்பான். 2022 பிப்ரவரி 25-ம் தேதி டிரினிடாட்ல, 30 அங்குலக் கடலடிக் குழாய்ல பராமரிப்பு வேல பாத்துக்கிட்டிருந்த அஞ்சு முக்குளிப்பவங்கள, அடைப்பானக் கழட்டுன நொடில குழாயே உள்ள உறிஞ்சிருச்சு. ஒருத்தர் மட்டும் ஊர்ந்து வெளிய வந்தார். நாலு பேர் போயிட்டாங்க. குழாய்க்குள்ள அழுத்தம் கம்மியா இருந்துச்சுங்கிறதுதான் காரணம். யாரும் ஓங்கி அடிக்கல, எதுவும் வெடிக்கல.

எடுக்குறதுன்னா இந்த மாதிரி ஆயிரக்கணக்கான வெட்டு. "விட்டுர்றது" ஜெயிக்கிறதுக்கு என் அட்டவணைல இதுதான் முதல் காரணம்.

எழுதி வச்சிருக்காங்களான்னா... 1981 வரைபடம் இருக்கு. 1998-ல எடுத்த சர்வே ஒண்ணு இருக்கு. ரெண்டும் ஒத்துப்போகல. முதல்ல பயந்துட்டேன். அப்புறம் பாத்தா பழசு நஹ்ர்வான்னு வளைகுடாப் பக்கத்துப் பழைய வரைபட அளவுமுறைல இருக்கு, புதுசு ஜிபிஎஸ் அளவுமுறைல. மாத்தாம ஒண்ணு மேல ஒண்ண வச்சா குழாய் சில நூறு மீட்டர் தள்ளி நிக்கும். மாத்துனதுக்கப்புறமும் நடுவுல ஒரு 2 கிலோமீட்டர் சேரமாட்டேங்குது. எங்க கம்பெனி இந்த எண்ணெய் வயல வாங்குனப்ப பெட்டி பெட்டியா தாள் வந்துச்சாம், அந்தப் பெட்டி மட்டும் இல்ல.

பள்ளத்தூர்_ஆச்சி | ஞாயிறு 1:15

தம்பி, நான் படிச்சவ இல்ல, தப்பா கேட்டா பொறுத்துக்கோ. அந்தக் குழாய்க்குள்ள இப்ப என்ன இருக்கு?

கானாடுகாத்தான்_குழாய் | ஞாயிறு 1:22

ஆச்சி, கழுவியாச்சு. பிக்னு ஒண்ணு இருக்கு, குழாய் அகலத்துக்கு ரப்பர் தட்டு, பிரஷ் எல்லாம் மாட்டுன உருளை. இந்தப் பக்கம் விட்டுத் தண்ணியத் தள்ளுனா அந்தப் பக்கம் வரைக்கும் வழிச்சுக்கிட்டுப் போகும். நாலு தடவ விட்டிருக்காங்க. அறிக்கைல "சுத்தம்"னு போட்டிருக்கு.

பள்ளத்தூர்_ஆச்சி | ஞாயிறு 1:30

பணியாரச் சட்டியக் கழுவுனாக்கூட குழில எண்ண நிக்கும். சாம்பல் போட்டுத் தேச்சாத்தான் போகும். அவ்வளவு நீளத்துல நிக்காதா?

துரு_மாமா | ஞாயிறு 1:58

ஆச்சி கேட்டதுக்கு ஒரு கணக்குப் போட்டேன். கச்சா எண்ணெய்க் குழாயின் உட்சுவரில் மெழுகு படியும். பிக் விட்ட பிறகும் சராசரியாக 1 மில்லிமீட்டர் ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 24 அங்குலக் குழாய், 38 கிலோமீட்டர். கிட்டத்தட்ட 70,000 லிட்டர் வருகிறது. நம்மூர்த் தண்ணீர் லாரி 12,000 லிட்டர் என்றால் ஆறு லாரி.

1 மில்லிமீட்டர் இருக்கிறதா, கால் மில்லிமீட்டரா என்பதை யாரோ அளந்திருக்க வேண்டும். "சுத்தம்" என்பது அளவு இல்லை, அபிப்பிராயம். கடைசி பிக்கோடு வந்த தண்ணீரில் எண்ணெய் எத்தனை பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு, என்று கேளும். அந்த எண்ணை அட்டவணையில் போடும்.

கானாடுகாத்தான்_குழாய் | ஞாயிறு 2:10

மாமா, அந்த எண் என்கிட்ட இல்ல. கேட்டு மெயில் போட்டுட்டேன்.

நிர்வாகி | ஞாயிறு 2:40

நெடுவாசல், ஹைட்ரோகார்பன், கட்சி அரசியல்னு போன நாலு பதிவுகள நீக்கியிருக்கேன். அதுக்கு வேற இழை ஏற்கனவே இருக்கு. இங்க குழாய் மட்டும்.

துரு_மாமா | ஞாயிறு மாலை 5:20

மதியம் தூங்கி எழுந்து உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளவும்.

நான் சிக்ரியில் அரிமானப் பிரிவில் 31 வருஷம் இருந்தேன். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14-ல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த நிலையம். கடலே இல்லாத காரைக்குடியில் துருவுக்கு என்ன ஆராய்ச்சி என்று அந்நாளில் கேலி செய்வார்கள். அதற்காகத்தான் மண்டபத்தில் எங்களுக்குக் களம். இரும்புத் தகடுகளை வரிசையாகச் சட்டத்தில் மாட்டி உப்புக்காற்றில் விட்டுவிடுவோம். நான் முதல் தடவை போய்த் தகட்டைக் கழற்றியபோது, கையில் எடுத்ததும் வெற்றிலை மாதிரி அடுக்கடுக்காகப் பிரிந்தது. பக்கத்துத் தகடு, அதே இரும்பு, அதே மாதம் மாட்டியது, முக்கால்வாசி நன்றாக இருந்தது. நடுவில் மட்டும் ஊசி நுழையும் துளை ஒன்று.

உம் அட்டவணையில் "துரு: வருஷத்துக்கு 0.1 மி.மீ., 12.7 மி.மீ. சுவர், ஆகவே 127 வருஷம்" என்று போட்டிருப்பீர். சரிதானே? அந்த 0.1 பாடப்புத்தக எண், தப்பில்லை. ஆனால் அது சராசரி. சராசரி இரும்பு எங்கும் ஒழுகுவதில்லை. குழியில்தான் ஒழுகும். சேற்றுக்குள் காற்றில்லாத இடத்தில் சல்பேட்டைத் தின்னும் பாக்டீரியா இருக்கிறது. தார்ப்பூச்சு உரிந்து கீழே தண்ணீர் தேங்கினால் அது அங்கே குடித்தனம் பண்ணும். 127 வருஷம் என்பது குழாய் முழுவதும் கரைந்து போக. முதல் ஓட்டை அதற்கு வெகுமுன்னே விழும்.

இன்னொன்று. இந்தக் குழாய் இத்தனை வருஷம் நின்றதற்குக் காரணம் பூச்சு பாதி, அதைச் சுற்றி வளையல் போல மாட்டிய அலுமினிய, துத்தநாகக் கட்டிகள் பாதி. அனோடு என்பது இவைதான். இரும்புக்குப் பதிலாக அவை கரையும். 25 வருஷத்துக்கு என்று எடை போட்டு மாட்டியவை. எண்ணெய் ஓடும்வரை ஆள் வந்து எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பான். ஓய்வு கொடுத்த பிறகு யார் பார்ப்பார்? காவல்காரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வீடு முன்போலவே பத்திரமாக இருக்கும் என்று கணக்குப் போடுகிறீர்.

உட்புறத்தில் எனக்கு அவ்வளவு பயம் இல்லை. கடல்நீரை நிரப்பி மூடினால் அதில் கரைந்த ஆக்ஸிஜன் கொஞ்ச நாளில் தீர்ந்துவிடும், துரு மந்தமாகும். ஆனால் அந்த நீரில் கிருமிக்கொல்லியும் துருத்தடுப்பானும் கலந்திருப்பீர்கள். ஓட்டை விழுந்தால் முதலில் வெளியே வருவது அதுதான். அதற்கு அட்டவணையில் வரி இருக்கிறதா?

கானாடுகாத்தான்_குழாய் | ஞாயிறு 6:05

127-னே போட்டிருந்தேன் மாமா. 😶

அந்தத் தண்ணிக்கு வரி இல்ல.

மூணாம்வருஷம்_மெக்கானிக்கல் | ஞாயிறு 6:30

ஒரு சந்தேகம். தண்ணிய ஏன் நிரப்பணும்? காலியா மூடிட்டா கிருமிக்கொல்லிப் பிரச்சினையே இல்லையே?

துரு_மாமா | ஞாயிறு 6:41

மீட்டருக்கு இரும்பு 187 கிலோ. அந்த ஒரு மீட்டர் குழாய் ஒதுக்கும் கடல்நீர் 299 கிலோ. ஆர்க்கிமிடீஸ் என்ன சொல்வார்?

மூணாம்வருஷம்_மெக்கானிக்கல் | ஞாயிறு 6:44

மிதக்கும்!! இரும்புக் குழாய் மிதக்குமா??

துரு_மாமா | ஞாயிறு 6:50

மிதக்கும். கீழே அழுத்திப் பிடித்திருப்பது கான்கிரீட்தான். அதற்குள் கம்பிவலை இருக்கிறது, அது துருத்து உப்பினால் கான்கிரீட் பாளம் பாளமாகக் கழன்றுவிடும். காலிக் குழாய் அங்கே வில்லாக வளைந்து மேலே எழும். கப்பல் போகும் வழியில் எழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள். அதனால்தான் தண்ணீர்.

கோட்டைப்பட்டினம்_போட்டு | ஞாயிறு இரவு 9:35

இப்பதான் கரைக்கு வந்து போன் பாக்குறேன். எல்லாரும் குழாய்க்கு என்ன ஆகும்னே பேசுறீங்க. மேல வர்றவனுக்கு என்ன ஆகும்னு நான் சொல்றேன்.

விசைப்படகுல இழுவை மடி போட்டு இழுக்குறோம். மடிய விரிச்சுப் பிடிக்க ரெண்டு பலகை, இரும்புப் பூண் போட்டது, தரைய உரசிக்கிட்டு வரும். எதுலயாவது மாட்டுனா முதல்ல இன்ஜின் சத்தம் மாறும். கனைக்கிற மாதிரி இருக்கும். அப்புறம் போட்டு முன்னாடி போகாம பின்பக்கம் உக்காரும். தண்ணி பின்னால ஏறும். புது டிரைவர் என்ன பண்ணுவான், கல்லுதான், இழுத்தா வந்துரும்னு ரேஸ் பண்ணுவான். கல்லு உடையும், இல்ல மடி கிழியும். குழாய் உடையாது, 38 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்குறது ஏன் நகருது? வயர் ரோப்பு வெறப்பா நிக்கிறப்ப ஒரு அலை பக்கவாட்டுல அடிச்சா போதும், போட்டு சாஞ்சுரும். எங்க பக்கம் பெருசா ஆழமும் கிடையாது, போட்டும் சின்னது. அந்த நேரத்துல ரோப்ப வெட்டி விடணும். வெட்டுனா மடி, பலகை எல்லாம் போச்சு. ஒரு மடி கடன் வாங்கித்தான் போட்டிருப்போம். அதனால வெட்ட மனசு வராது. அந்த ரெண்டு நிமிஷ யோசனைலதான் ஆள் சாவான்.

உங்க அட்டவணைல "மீனவர், வாய்ப்பு 1"ன்னு போட்டிருப்பீங்க. 40 வருஷமா ஒண்ணும் நடக்கலேன்னுதானே? 40 வருஷமா அங்க கம்பெனிப் படகு சுத்திக்கிட்டு இருந்துச்சு, பக்கத்துல விட்டிருக்க மாட்டான். கம்பெனி போனா அந்த இடம் மீன் பெருத்த இடம். யாரும் பிடிக்காம விட்ட இடமாச்சே. முதல்ல அங்கதான் போவோம்.

இன்னொண்ணும் சொல்லிர்றேன். தூண்டில் போடுறவனுக்கு அந்தக் குழாய் வரம், கலவாய் எல்லாம் அங்கதான் அடையும். அவனக் கேட்டா எடுக்காதீங்கம்பான். மடிக்காரனுக்கு அது எமன். மீனவர்னு ஒரே வரியா போடாதீங்க.

கானாடுகாத்தான்_குழாய் | ஞாயிறு 10:20

அண்ணே, வாய்ப்பு 1-ன்னுதான் போட்டிருந்தேன். காரணமும் நீங்க சொன்னதேதான்.

வடகடல்ல 1997 மார்ச்ல வெஸ்ட்ஹேவன்னு ஒரு ஸ்காட்லாந்துப் படகு இப்படித்தான் கடலடிக் குழாய்ல மாட்டிக் கவிழ்ந்து நாலு பேரும் போனாங்க. படிச்சிருக்கேன். ஆனா என் மண்டைல அது "விபத்துப் பட்டியல்"ல ஒரு வரியாத்தான் இருந்துச்சு.

பிரிட்டன்ல புதைஞ்ச குழாய விட்டுவைக்கணும்னா மேல்மண் குறைஞ்சது 60 சென்டிமீட்டர் இருக்கணும்னு பாக்குறாங்க. எங்களுது பாதிதான் புதைஞ்சிருக்கு. மிச்சம் மேல கிடக்கு, சில இடத்துல அடில மண்ணு அரிச்சு அந்தரத்துல நிக்குது.

கோட்டைப்பட்டினம்_போட்டு | ஞாயிறு 10:31

60 எப்ப அளந்தது? வாடைல ஒரு மாதிரி கிடக்கும், கச்சான்ல ஒரு மாதிரி கிடக்கும். நீவாடு, அதான் கடல் நீரோட்டம், மாறுனா மண்ணு மாறும். எங்க கரைலயே போன வருஷம் கட்டுமரம் ஏத்துன இடத்துல இந்த வருஷம் இடுப்பளவு தண்ணி.

அந்தரத்துல நிக்கிற இடம்தான் பலகை உள்ள நுழையுற இடம்.

முனீஸ்வரன்கோவில்தெரு | ஞாயிறு 10:50

நாகூர்ல ரெண்டு மூணு வருஷம் முன்னாடி ஒண்ணு நடந்துச்சே?

கோட்டைப்பட்டினம்_போட்டு | ஞாயிறு 11:02

2023 மார்ச்ல. பட்டினச்சேரிக் கரைக்குப் பக்கத்துலயே. சுத்திகரிப்பு ஆலைக்கும் காரைக்கால் துறைமுகத்துக்கும் நடுவுல போற குழாய்ல கச்சா எண்ணெய் கசிஞ்சு கரையெல்லாம் கறுப்பு. அந்த ஜனங்க "அடைச்சுக் குடுங்க"ன்னு கேக்கல. "குழாயையே எடுங்க"ன்னு உக்காந்துட்டாங்க. அடைச்சாச்சுன்னு சொன்னா நம்ப யாரும் தயாரில்ல. உங்க அட்டவணைல நம்பிக்கைக்கு எத்தன மார்க்கு?

பேரேடு_தேவகோட்டை | திங்கள் காலை 7:15

ஆடிட்டர் என்ற முறையில் செலவுத் தலைப்பைப் பற்றி மட்டும்.

எடுத்தால் முழுச் செலவும் இந்த வருஷம். விட்டால் இப்போது கொஞ்சம், பிறகு சர்வே, பிறகு விபத்து வந்தால் இழப்பீடு. பின்னால் வருவதையெல்லாம் வட்டி தள்ளி இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்திருப்பீர்கள். அது வழக்கம்தான். நம் ஐயாக்கள் ரங்கூனில் செய்ததும் வட்டிக்கணக்குத்தான், எனக்கு அதில் மரியாதை உண்டு. ஆனால் 100 வருஷம் கழித்து ஒரு கோடி ரூபாய்ச் சேதம் வருகிறது என்று வையுங்கள். 8 சதவீதத்தில் தள்ளினால் இன்றைக்கு 4,500 ரூபாய்ச் சொச்சம். கல்யாணத்தில் நாலைந்து இலைச் செலவு. ஒரு படகு கவிழ்வதை உங்கள் எக்செல் இந்த விலைக்குத்தான் வாங்கியிருக்கிறது. விடுவது லேசாக ஜெயித்ததற்குப் பாதிக் காரணம் அந்த ஒரு செல்லில் இருக்கும், திறந்து பாருங்கள்.

அடுத்து, பொறுப்பு யாருடையது? பிரிட்டனில் விட்டுவைத்ததற்குப் பழைய உரிமையாளர் என்றென்றைக்கும் பொறுப்பு. இங்கே 1961 வருமான வரிச் சட்டம் 33ஏபிஏ பிரிவில் தள மீட்பு நிதி என்று ஒரு ஏற்பாடு 1999-ல் வந்தது. எண்ணெய் எடுக்கும் கம்பெனி ஸ்டேட் பாங்கில் தனிக் கணக்கில் போட்டு வைத்தால், போட்ட தொகை அல்லது லாபத்தில் 20 சதவீதம், எது குறைவோ அதற்குக் கழிவு. நல்ல யோசனை. ஆனால் அது பிரித்து எடுப்பதற்கான உண்டியல். விட்டுவைத்தபின் நூறு வருஷம் காவல் காப்பதற்கு அதில் எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று தனியாகக் கேட்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. நம்மூரில் ஒரு மனை வாங்கினால் முதலில் வில்லங்கச் சான்று எடுப்போம். கடலுக்கு வில்லங்கம் எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில் எடுப்பது?

பள்ளத்தூர்_ஆச்சி | திங்கள் 7:40

பதினாறு பங்காளி வீடு மாதிரிதான் ஆகும். பூட்டிப் போட்டிருப்பாங்க, சாவி யார்கிட்டன்னு தெரியாது.

மூணாம்வருஷம்_மெக்கானிக்கல் | திங்கள் 9:10

மத்த நாட்டுல எப்படிப் பண்றாங்கன்னு தேடிப் பாத்தேன். அமெரிக்காவுல மெக்சிகோ வளைகுடால 1960-கள்ல இருந்து ஓய்வு குடுத்த குழாய்ல 97 சதவீதத்த அப்படியே விட்டுட்டாங்களாம். சுமார் 18,000 மைல். 2021-ல அவங்க அரசுத் தணிக்கை அலுவலகமே சொல்லியிருக்கு. அப்ப விடுறதுதான் உலக வழக்கம்னு ஆகுதே?

துரு_மாமா | திங்கள் 9:35

அதே அறிக்கையை முழுக்கப் படி தம்பி. விட்ட பிறகு அந்தக் குழாய்களின் நிலையை யாரும் கண்காணிக்கவில்லை என்றுதான் அதில் குறை சொல்லியிருக்கிறது. 97 சதவீதம் என்பது அவர்கள் செய்ததன் கணக்கு. செய்தது சரி என்பதற்குச் சாட்சி இல்லை.

வடகிழக்கு அட்லாண்டிக் நாடுகளுக்கு ஓஸ்பார் 98/3 என்று ஒரு தீர்மானம் இருக்கிறது. பிரென்ட் ஸ்பார் என்ற எண்ணெய் சேமிப்பு மிதவையைக் கடலில் மூழ்கடிக்கப் போய் 1995-ல் நடந்த ரகளையின் பின்விளைவு. அது மேடைகளைப் பற்றியது, குழாய்களைத் தொடவில்லை. அதனால்தான் குழாய் ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. நம் நாட்டிலும் தப்தி கடல் எரிவாயு வயலில் மேடைகளைப் பிரித்தெடுத்ததுதான் முதல் அனுபவம். மும்பை ஹை கடல் எண்ணெய் வயல் 1976 முதல் ஓடுகிறது. அங்கே கிடக்கும் குழாய்களுக்கு இந்தக் கேள்வி வரிசையாக வரும். நீ படித்து முடித்ததும் வேலை இருக்கிறது, கவலைப்படாதே.

முனீஸ்வரன்கோவில்தெரு | திங்கள் 10:15

எடுத்தா எங்க கொண்டுபோய்ப் போடுவாங்க? குஜராத் ஆலங்குல கப்பல் உடைப்பாங்களே, அந்த மாதிரியா?

கானாடுகாத்தான்_குழாய் | திங்கள் 10:50

அங்கயும் ஒரு சிக்கல். உள்ள மெழுகு மட்டும் இல்ல, சில வயல்ல சுண்ணாம்பு மாதிரி ஒரு பொருக்கு படியும். அதுல பூமிக்கடில இருந்து வந்த ரேடியம் கொஞ்சம் சேந்திருக்கும். குழாய்ல கிடக்குற வரைக்கும் ஒண்ணும் இல்ல, வெட்டித் தூசியாக்கி மூச்சுல இழுத்தாத்தான் ஆபத்து. சில வயல்ல பாதரசமும் வரும். வெளிய அந்தக் காலத்துத் தார்ப்பூச்சு, அதுக்கு மேல சுத்துன துணில ஆஸ்பெஸ்டாஸ் நார் இருக்கலாம். கேஸ் கட்டர் வச்சு அறுக்குற ஆளுக்கு இதெல்லாம் யாரும் சொல்லமாட்டாங்க.

ஆக, எடுத்தா ஆபத்து முக்குளிப்பவருக்கும் யார்டுல வெட்டுறவருக்கும். விட்டா மடிக்காரருக்கு. முன்னது ரெண்டு வருஷத்துல முடிஞ்சுரும், பின்னது எப்ப முடியும்னே தெரியாது. நான் ரெண்டையும் "பாதுகாப்பு"ன்னு ஒரே கட்டத்துல போட்டு ஒரே மார்க் போட்டிருந்தேன்.

கோட்டைப்பட்டினம்_போட்டு | திங்கள் 11:20

முக்குளிக்கிறவருக்கு சம்பளம், இன்சூரன்சு, பக்கத்துல டாக்டர் எல்லாம் இருக்கும். ஆபத்துன்னு தெரிஞ்சே இறங்குறார். எங்களுக்குக் கீழ என்ன கிடக்குன்னே தெரியாது. ரெண்டும் ஒரே மார்க்கு எப்படி?

கானாடுகாத்தான்_குழாய் | திங்கள் இரவு 8:45

நேத்துல இருந்து எல்லாத்தையும் எடுத்து மறுபடி போட்டேன். மின்சாரம் போயிருச்சு, முகப்புத் திண்ணைல லாப்டாப்ப வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்.

அஞ்சு தலைப்பையும் மாத்தல, மேல இருக்குறவங்க விடமாட்டாங்க. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல "யாருக்கு", "எந்த வருஷம் வரைக்கும்"னு ரெண்டு கட்டம் சேத்தேன். மீனவர் வரிய மடி, தூண்டில்னு பிரிச்சேன். 127-ஐத் தூக்கிட்டேன். முதல் ஓட்டை 20 முதல் 60 வருஷம்னு ஒரு வீச்சாப் போட்டிருக்கேன், அதுக்கும் அனோடு எவ்வளவு மிச்சம்னு பாக்காம அடிப்படை இல்ல. வட்டி தள்ளுறத உயிர்ச்சேதத்துக்கு எடுத்துட்டேன். பேரேடு அண்ணே, நீங்க சொன்ன செல்லு எச்-41, ஆமா, அங்கதான் இருந்துச்சு.

இப்ப விட்டுர்றது ஜெயிக்கல. முழுசா எடுக்குறதும் ஜெயிக்கல. அந்தரத்துல நிக்கிற 9 கிலோமீட்டரயும் கரைக்கு வர்ற கடைசி 3 கிலோமீட்டரயும் எடுத்துட்டு, மிச்சத்தப் புதைச்சு, 5 வருஷத்துக்கு ஒரு தடவ சர்வே பண்றது முன்னால வருது. ஆனா அந்த 2 கிலோமீட்டர் சேராத இடம் இருக்கே, அதுக்கு எந்த மார்க்கும் போட முடியல. குழாய் எங்க இருக்குன்னே தெரியாம எப்படிப் போடுறது? கட்டத்தக் காலியா விட்டிருக்கேன். மேலாளர் கேள்வி கேப்பார்.

பேரேடு_தேவகோட்டை | திங்கள் 9:05

காலியாகவே விடுங்கள். தெரியாத இடத்தில் 3 என்று போட்டால் அதுதான் பொய்க் கணக்கு.

கோட்டைப்பட்டினம்_போட்டு | திங்கள் 9:20

அங்க மடி இழுக்குற ஆளுங்க ஜிபிஎஸ்ஸ வாங்கிப் பாருங்க. மாட்டுன இடத்தையெல்லாம் ஒவ்வொரு டிரைவரும் குறிச்சு வச்சிருப்பான். நான் 140 இடம் வச்சிருக்கேன், அதுல எது கல்லு, எது பழைய போட்டு, எது என்னன்னே தெரியாததுன்னு தனித்தனியா பேர் போட்டிருக்கேன். உங்க சர்வேல இல்லாதது அவன்கிட்ட இருக்கும். சும்மா கேட்டாக் குடுக்கமாட்டான், அது அவன் பொழப்பு. டீ வாங்கிக் குடுத்து, எதுக்குன்னு உண்மையச் சொல்லிக் கேளுங்க.

அப்புறம் எடுக்குற வேலைய அங்கயும் தடைக்காலம் மாதிரி எதுவும் இருந்தா அப்ப வச்சுக்கங்க. எங்களுக்கு ஏப்ரல் 15-ல இருந்து 61 நாள் கடல்ல விசைப்படகே இருக்காது. யாருக்கும் இடைஞ்சல் இல்ல.

கானாடுகாத்தான்_குழாய் | திங்கள் 9:40

அந்த ரெண்டும் எங்க ஆபீஸ்ல யாருக்கும் தோணியிருக்காது அண்ணே.

மாமா, நாளைக்கு காரைக்குடி வர்றேன். அனோடு போட்டோ 60 இருக்கு, 2019-ல ரோபோ எடுத்தது. பாத்துச் சொல்றீங்களா?

துரு_மாமா | திங்கள் 9:52

நாளை செவ்வாய், பேத்தியைக் கொப்புடையம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டும். புதன் காலை பத்து மணிக்கு வாரும். போட்டோவை லாப்டாப்பிலேயே கொண்டு வாரும், போனில் எனக்குக் கண் தெரியாது. அந்த 1998 சர்வே தாள் இருந்தால் அதையும் எடுத்து வாரும். படம் எடுத்தது வேண்டாம், தாள்.

முனீஸ்வரன்கோவில்தெரு | திங்கள் 10:04

மாமா வீட்டுக்குப் போற வழிலதான் நம்ம கடை. அந்த ஆஸ்பெஸ்டாஸ் துணி எப்படி இருக்கும்னு ஒரு போட்டோ காட்டிட்டுப் போங்க தம்பி. பழைய மில் ஒண்ணு பிரிக்க எடுத்திருக்கேன், அங்க ஒரு குழாய்ல வெள்ளையா ஏதோ சுத்தியிருக்கு. பசங்கள இன்னும் தொடவிடல.

கானாடுகாத்தான்_குழாய் | திங்கள் 10:06

தொடவே விடாதீங்க அண்ணே. புதன் முதல்ல உங்க கடைக்கு வர்றேன்.